இக்காஸ்டில் இரண்டு புதுக் காசுகள்

வியாழக்கிழமை, பிற்பகல் 2.10. கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் ஒரு கோப்பி 42 குரோனர். டொரொன்டோவில் மாற்றிக்கொண்டு வந்த நூறு குரோனர் தாளை நீட்டினேன். விற்பனைப் பெண் அதை இரு பக்கமும் பார்த்துவிட்டு, கல்லாப்பெட்டியின் சாவி வைத்திருந்தவரைத் தேடிப் போனாள். நான்கு நிமிடத்தில் மீதி வந்தது: ஓர் ஐம்பது குரோனர் தாள், ஐந்து, இரண்டு, ஒன்று. மூன்று காசுகளின் நடுவிலும் ஓட்டை. எதிலும் முகம் இல்லை. டென்மார்க்கில் பத்திலும் இருபதிலும்தான் முகம் உண்டு.

முகத்தைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டுக்குப் புதிய மன்னர் வந்துவிட்டார். அவர் முகம் பொறித்த இருபது குரோனர் காசும் வெளிவந்துவிட்டது. ஆனால் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் காசையே கையில் எடுப்பவர்கள் குறைவு. கனடாவில் புது மன்னர் முகத்தோடு வந்த ஒரு டொலர் காசு எனக்கு ஒரு டோனட் கடையில் மீதிச் சில்லறையாகக் கிடைத்தது. ஒரு முறை பார்த்துவிட்டு, அங்கேயே இருந்த உண்டியலில் போட்டேன். அவ்வளவுதான். டென்மார்க்கில் அதே வேலைக்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது.

மாலை 4.30. டோஸ்ட்ருப். கோப்பன்ஹேகனுக்கு மேற்கே இருக்கும் இந்தப் புறநகரில் என் பள்ளித் தோழன் காந்தனின் மகள் ஆரணி, கணவன் யோனாஸுடன் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறாள். அவள் மருத்துவமனைத் தாதி. அவன் டேனிஷ்காரன், பள்ளியில் கணிதம் கற்பிக்கிறான். திங்கட்கிழமை சித்திரைப் புத்தாண்டு. அதற்கு இருவரும் ஞாயிறு மாலை காந்தன் வசிக்கும் இக்காஸ்டுக்குக் காரில் வருவதாக இருந்தது. நான் முன்னதாக ரயிலில் போகிறேன்.

விஷயத்தை முதலில் சொன்னவள் ஆரணி. புத்தாண்டன்று பஞ்சாங்கத்தில் குறித்த நல்ல நேரத்தில், வீட்டுக்குப் பெரியவர் வெற்றிலையில் காசு வைத்து இளையவர்களின் கையில் கொடுப்பார். அச்சடித்த நிறம் மாறாத புதுக்காசாக இருக்க வேண்டும். கைவிசேடம் என்று பெயர். யாழ்ப்பாணத்தார் பேச்சில் கைவியளம். போன வருடம் காந்தனுக்குப் புதுக்காசு கிடைக்கவில்லை. தேய்ந்த இருபதைக் கொடுத்துவிட்டு வருடம் முழுவதும் அதையே சொல்லிக் குறைப்பட்டிருக்கிறான். யோனாஸ் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னான்: நல்ல நேரம் பிறக்கும் அதே நிமிடத்தில் கைபேசியால் அனுப்பலாம், நொடி பிசகாது. வெற்றிலைப் படம்கூடச் சேர்க்கலாம். அவன் கேலி செய்யவில்லை. கணக்கு வாத்தியாருக்கு நேரம் சரியாக இருப்பதுதான் முக்கியமாகப் பட்டிருக்கிறது.

காந்தன் யோசித்துவிட்டு வாக்குக் கொடுத்திருந்தான். இந்த வருடம் புது மன்னர் முகத்தோடு இரண்டு காசு, மகளுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று, கைக்கு வந்தால் பழைய வழக்கம். வராவிட்டால் இனிமேல் கைபேசிதான். சேகரிப்பாளர்களிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கக் கூடாது. அந்த விதியை அவனே போட்டுக்கொண்டான்.

"அப்பா இன்னும் ஒண்டும் பிடிக்கேல்லை மாமா. நீங்கள் ஹெல்ப் பண்ணக் கூடாது," என்றாள் ஆரணி. பிறகு யோனாஸுக்கு டேனிஷில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை, காலை 9.20. வைலே செல்லும் ரயில். கட்டணம் நானூறு குரோனருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் வயல்களும் காற்றாலைகளும். பிறகு கடலுக்கு அடியில் சுரங்கம், அது முடிந்ததும் கடலுக்கு மேல் பாலம். எதிரே இருந்தவர் ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சாப்பிட்டார். அவரிடம் இருபது குரோனர் காசு இருக்கிறதா என்று கேட்டேன். நான் பிச்சை கேட்பதாக அவர் நினைக்கக்கூடும் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் சட்டைப்பையைத் தட்டிப்பார்த்து, காசு வைத்திருந்து பல வருடம் என்றார்.

வைலே நிலையத்தில் காந்தன் நின்றான். இக்காஸ்டில் ஒரு களஞ்சியத்தில் முப்பத்து மூன்று வருடமாக ஷிஃப்ட் வேலை. தலை முழுவதும் நரைத்திருந்தது, நடை மட்டும் பள்ளிக்கூட நடை. பயணம் எப்படி என்று கேட்பதற்கு முன் என் சில்லறையைக் கேட்டான். ஓட்டைக் காசுகளைப் பார்த்ததும் திருப்பித் தந்தான்.

ஊருக்குள் ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். உள்ளே சோபாவும் பூச்சாடியும் இருந்தன, பணம் இல்லை. நோட்டும் காசும் இங்கே கையாளப்படுவதில்லை என்று ஓர் இளைஞர் மரியாதையாகச் சொன்னார். பக்கத்துப் பேக்கரியில் காந்தன் இரண்டு பணிஸ் வாங்கி இருநூறு குரோனர் தாளைக் கொடுத்தான். மீதியில் இரண்டு இருபதுகள் வந்தன. இரண்டிலும் புது மன்னருக்கு முன் ஆண்ட பழைய அரசியார்.

"மனுசி என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றான்.

இக்காஸ்டுக்கு ஐம்பத்தைந்து கிலோமீற்றர். ஊசியிலைக் காடும் தட்டை நிலமும். ஒரு காலத்தில் துணி ஆலைகளால் அறியப்பட்ட ஊர். ஆலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஆலைகள் போன பிறகும் நிலைத்துவிட்டன. வீட்டில் காந்தனின் மனைவி யோகா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். இவ்வளவு பாடு எதற்கு, கைபேசியில் அனுப்பினால்தான் என்ன என்று அவரிடம் கேட்டேன். குழம்பைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார்.

"காசு ஃபோனிலை போகுமெண்டால் பிள்ளையள் முந்நூறு கிலோமீற்றர் கார் ஓடி ஏனண்ணை வரப்போகினம்? இவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். காசு காசெண்டு திரியிறார்."

சனிக்கிழமை, காலை 10.00. ஊரின் பெரிய சுப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம். இந்த நாட்டில் காசுக்கு இன்னும் வேலை இருக்கும் இடம் இதுதான் என்று காந்தன் கண்டுபிடித்திருந்தான். தள்ளுவண்டிகளைச் சங்கிலியால் கோத்து வைத்திருக்கிறார்கள். பூட்டில் பத்தோ இருபதோ போட்டால் வண்டி விடுபடும். திரும்பக் கொண்டுபோய்ச் சங்கிலியைச் செருகினால் காசு வெளியே வரும். அதற்காகவே டேனிஷ்காரர்கள் காரில் ஒரேயொரு காசு வைத்திருக்கிறார்கள். இங்குள்ள தமிழர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். சாமான் ஏற்றி முடித்ததும் வண்டியை உள்ளே போகிறவரிடம் கொடுத்து, அவர் கையிலுள்ள காசை வாங்கிக்கொண்டு புறப்படுவார்கள். நடை மிச்சம்.

காந்தன் இதையே தொழிலாக்கினான். சாமான் ஏற்றி முடித்தவர்களிடம் போய்த் தன் பழைய இருபதைக் கொடுத்து வண்டியை வாங்குவான். ஓட்டிக்கொண்டு போய்ச் செருகினால் பூட்டிலிருந்து முகம் வெளிவரும். முதல் பத்து வண்டிகளில் ஆறு அரசியார், மூன்று பத்துக் குரோனர், காசுக்குப் பதிலாக யாரோ செருகிய ஒரு பிளாஸ்ரிக் வில்லை. பத்துகளாலும் வில்லையாலும் அவனுக்கு ஐம்பது குரோனர் நட்டம். ஒரு பெண்மணி அவனைக் கடை ஊழியர் என்று நினைத்து முட்டை எந்தப் பக்கம் என்று கேட்டார். அவன் காட்டினான்.

நான் குறிப்புப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டு நின்றேன். காலை 11.50க்கு, இருபத்து மூன்றாவது வண்டி. காசு பூட்டிலிருந்து வந்ததும் காந்தன் நிமிராமல் நின்றான். நான் கிட்டப் போனேன். மஞ்சள் பளபளப்பு, கூரான விளிம்பு, குனியாமலே தெரியும் ஆண் முகம்.

"ஆளைப் பார் மச்சான், ஷேவ் எடுக்காமல் வந்திருக்கிறார்," என்றான். மன்னருக்குத் தாடி உண்டு.

இரண்டாவது காசு ஞாயிறு காலை 11.15க்கு, தேவாலய மண்டபத்தில் நடந்த பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. ஜாம் போத்தல் விற்ற முதியவர் பிஸ்கட் டின்னில் சில்லறை வைத்திருந்தார். காந்தன் அதைக் கிளற அனுமதி கேட்டான். ஒரு போத்தலாவது வாங்க வேண்டும் என்றார் அவர். முப்பது குரோனர். நெல்லிக்காய் ஜாம், புளிப்பு அதிகம்.

அன்று மாலை ஏழு மணிக்கு மகளும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். யோனாஸ் இரண்டு முறை கேட்டான். கிடைத்ததா என்பதைக் காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காந்தன் ஜாமைப் பரிமாறினான்.

திங்கட்கிழமை, புத்தாண்டு. டென்மார்க் நேரத்துக்குக் கணித்த கைவிசேட நேரம் காலை 9.30 முதல் 10.05 வரை. காந்தன் விடியவே குளித்து, வேட்டி கட்டி, இரண்டு காசையும் மஞ்சள் தண்ணீரில் கழுவினான். காய்வதற்காகச் சமையலறை ஜன்னல் கட்டையில் வைத்தான். பிழை அங்கேதான் நடந்தது. அந்த வீட்டில் கார்ச் சாவியும் தள்ளுவண்டிக் காசும் இருக்கும் இடம் அதே ஜன்னல் கட்டை.

பொங்கலுக்குப் பால் காணாது என்று யோகா 8.50க்குக் காரை எடுத்தார். 9.32க்குத் திரும்பினார். 9.36க்குக் காந்தன் பித்தளைத் தட்டில் வெற்றிலை பரப்பிவிட்டு ஜன்னலுக்கு வந்தான். ஒரு மன்னர் இருந்தார். பக்கத்தில் அரசியார் இருந்தார்.

யோகா கையைத் தலையில் வைத்தார். கண்ணாடி போடாமல் எடுத்த காசு, வழக்கம்போல வண்டியைக் கைமாற்றி வாங்கி வந்த காசு. யாரிடம் கொடுத்தார் என்று கேட்டேன். சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு வயதான பெண்மணி.

"அப்ப ஒண்டு இருக்குத்தானே," என்றாள் ஆரணி. "அதை எங்கள் ரெண்டு பேருக்குமாத் தாங்கோ."

காந்தன் யோனாஸைப் பார்த்தான். மருமகன் விட்டுக்கொடுத்துவிடுவான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் கைபேசி மேசை மேல் கிடந்தது.

"இல்லைப் பிள்ளை. ரெண்டு எண்டுதான் சொன்னனான்," என்றான் காந்தன்.

கார்ச் சாவியை எடுத்தது யோனாஸ். ஐந்து பேரும் ஏறினோம். காந்தன் இருந்த ஒரு காசைத் தட்டில் வைத்து, அதை வீட்டில் விட மறுத்து மடியில் வைத்துக்கொண்டான். வளைவுகளில் வெற்றிலையை உள்ளங்கையால் அமத்திப் பிடித்தான். 9.44க்குக் கடைக்குள் நுழைந்தோம். சிவப்புக் கோட்டு பாற்கட்டிப் பகுதியில் நின்றது. வண்டி பாதி நிறைந்திருந்தது.

யோனாஸ் போய்ப் பேசினான். ஆரணி எனக்கு மொழிபெயர்த்த வரையில் அவன் ஆரம்பத்திலிருந்தே சொன்னான்: புத்தாண்டு, வெற்றிலை, நல்ல நேரம், மாமனார். கைபேசி யோசனை தன்னுடையது என்பதையும் மறைக்கவில்லை. பெண்மணி முழுவதையும் கேட்டார். அவரும் அந்தக் காசை இன்னும் பார்த்ததில்லையாம். பூட்டுக்குள் தன்னிடமே ஒன்று இருக்கிறது என்றதும் வண்டியை அவரே வாசலை நோக்கித் திருப்பினார். காசாளர் முன்னால் ஒரு சிக்கல். பணம் கட்டாத சாமானோடு வெளியே போக முடியாது. 9.53. வரிசையில் நின்ற நான்கு பேரிடமும் யோனாஸ் மறுபடி, இம்முறை சுருக்கமாக, விளக்கினான். வழி விட்டார்கள்.

வண்டியைச் சங்கிலியில் செருக அதைக் காலி செய்ய வேண்டும். பட்டுச் சேலையில் ஆரணி லீக்ஸ் கட்டையும் கறுப்பு ரொட்டியையும் அணைத்துக்கொண்டாள். எனக்கு இரண்டு கிலோ உருளைக்கிழங்கு. யோகாவுக்குப் பால், அன்று இரண்டாவது தடவையாக. பெண்மணி தானே செருகினார். காசு வந்தது. ஒரு விளிம்பில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்து, நேரில் இன்னும் நன்றாக இருப்பார் என்று தீர்ப்புச் சொல்லி, காந்தனிடம் கொடுத்து, அவனது பழைய இருபதை வாங்கிக்கொண்டார்.

9.59. வீடு ஏழு நிமிடத் தூரம். காந்தன் சுற்றிலும் பார்த்தான். பிறகு தட்டை ஒரு வெற்று வண்டியின் கைப்பிடி மேல் தாங்கி, கிழக்கே, அதாவது பெற்றோல் நிலையத்தின் பக்கம், திரும்பி நின்றான். ஆரணி லீக்ஸை என் கையில் திணித்துவிட்டுத் தகப்பன் காலைத் தொட்டாள். வெற்றிலையோடு காசு அவள் கைக்குப் போனது. அடுத்து யோனாஸ். அவன் இரண்டு கையையும் ஏந்தினான். காந்தன் காசை வைத்துவிட்டு அந்த விரல்களை மடித்து மூடி, தன் கைக்குள் சற்று நேரம் வைத்திருந்தான். சிவப்புக் கோட்டுப் பெண்மணி கைதட்டினார். வண்டி எடுக்க வந்த ஒருவரும், எதற்கென்று தெரியாமல், சேர்ந்துகொண்டார். 10.02.

பிற்பகல் 4.00. மறுநாள் விமானம் என்பதால் அவர்களுடைய காரிலேயே புறப்பட்டேன். யோகா பொங்கலை மூன்று பெட்டிகளில் கட்டித் தந்திருந்தார். காந்தன் வாசலில் நின்று, அடுத்த முறை பாலம் தாண்டும்போதே தகவல் சொல்லும்படி மகளிடம் சொன்னான். அடுத்த முறை எப்போது என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்து காசைக் கையில் வைத்திருக்கிறேன், டொரொன்டோவில் இன்றும் சட்டைப்பையில் கனக்கிறது. அதில் யார் முகம் என்று நின்று பார்த்ததில்லை. தாராளமாகக் கிடைக்கும் ஊரில் அந்த மகிழ்ச்சி கிடைப்பதில்லை என்று குறித்துக்கொண்டேன்.

வைலேக்கு அருகே பெற்றோல் நிலையத்தில் கார் நின்றது. யோனாஸ் திரும்பி, செலவாகாத டேனிஷ் தாள் ஏதாவது என்னிடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். இரண்டு ஐம்பதுகள் இருந்தன. ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போய், இருபத்தைந்து குரோனருக்கு ஒரு கறுவாப் பணிஸ் வாங்கினான். ஐம்பதுக்கு மீதி இருபத்தைந்து. பெரும்பாலும் ஓர் இருபது வரும். வாத்தியார் விலைப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிவு செய்திருக்கிறார். கண்ணாடி வழியே பார்த்தேன்: காசை வெளிச்சத்தில் பிடித்தான், உதட்டைப் பிதுக்கினான்.

காருக்கு வந்து பணிஸை மனைவியிடம் கொடுத்தான். புதிது அகப்பட்டால் இப்போதே எடுத்து வைப்பது நல்லது, அடுத்த சித்திரைக்கு மாமா மறுபடி வண்டி தள்ளத் தேவையில்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு இரண்டாவது ஐம்பதுக்குக் கை நீட்டினான்.

"உனக்குப் பைத்தியம்," என்று தமிழிலேயே சொன்னாள் ஆரணி. அந்தச் சொல் அவனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே மறுபடி வரிசைக்குப் போனான்.