பென்குவின் வந்த மத்தியானம்

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு துணிப்பையும், கைப்பையில் அடங்குகிற ஒரு குட்டி லேப்டாப்பும் கொண்டுவந்தாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள் என்றாள் அம்மா. அந்த நாலு நாளுக்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலையாக இருந்தார். எந்தத் துறைமுகத்திலோ பழசாக வாங்கிய அந்த லேப்டாப்பைக் கல்யாணமான புதிதில் சித்திக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் அவருடைய போட்டோக்கள் நிறைய இருந்தன. காட்டச் சொன்னால் சித்தி, அப்புறம் அப்புறம் என்பாள்.

லேப்டாப் சரியான சோம்பேறி. பட்டனை அழுத்திவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் விழித்திருக்காது. திருவொற்றியூர் உப்புக்காற்றில் கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடிக்கும்போது அதைக் குறைசொல்லி என்ன பயன்? ஆனால் சித்திக்கு அது ஓடியாக வேண்டும். ராயபுரத்தில் ஓர் அச்சகத்தார், வீட்டிலேயே டைப் அடித்துத் தரும் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை மெஷின் ஒழுங்காக ஓடினால்தான் வேலை. இல்லையென்றால் மாமியார் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான் என்று அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொல்லிவிட்டார்.

பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். பழைய மெஷினுக்கென்றே செய்த லேசான சிஸ்டமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி அதைச் சொருகினாள்.

கறுப்புத் திரையின் மூலையில் ஒரு பென்குவின் படம் வந்து உட்கார்ந்தது. அதன் கீழே வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்த எனக்குக் கண் சொக்கியது. பென்குவின் பனிக்கடலில் இருப்பது. சித்தப்பாவின் கப்பல் அந்தப் பக்கம்தான் போயிருக்கும். அவர்தான் இதை முன்னால் அனுப்பியிருக்கிறார், பின்னாலேயே அவரும் வருவார் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எழுத்துகள் நின்று ஒரு கேள்வி வந்தது.

"இன்னாடி கேக்குது?" என்றாள் அம்மா, மீன் கழுவிய கையோடு வந்து.

"உள்ள கீறது எல்லாத்தையும் அழிச்சிடவான்னு கேக்குதுக்கா."

"ஐயோ, அவரு போட்டோல்லாம் அதுலதானடி கீது. ஒண்ணாவது எடுத்து வெச்சுக்க. மனசு மாறி வந்துட்டாருன்னா?"

சித்தி விரலைப் பட்டன்மேல் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுத்தினாள். திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல வளர ஆரம்பித்தது.

லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. பாதியில் பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் பாழ். எங்கள் வீட்டில் உருப்படியாக இருந்ததோ ஒரே பிளக் பாயிண்ட். அது மிக்சியின் சொத்து. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு தாமதமானால் அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவார். அம்மா பிளக்கைப் பார்த்தாள், நீலக்கோட்டைப் பார்த்தாள். "உன்னோட ஒரே பேஜாரா பூட்சிடி" என்று முணுமுணுத்துவிட்டு, தேங்காயையும் மிளகாயையும் வாரிக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மியில் அரைக்கப் போனாள்.

நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது கோடு முடிந்து, லேப்டாப் பெயர் கேட்க, சித்தி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அணைத்து மறுபடி போட்டதும், நம்ப முடியாத வேகத்தில் வெளிர்நீலமாக ஒரு திரை மலர்ந்தது. நடுவில் சித்தியின் பெயர்.

"சித்தி, இனிஷியல் தப்பு!" என்று கத்தினேன். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே எழுதினாலும் அவள் பெயருக்கு முன்னால் சித்தப்பாவின் எழுத்துதான் இருக்கும். இதில் அவளுடைய அப்பா, எங்கள் தாத்தாவின் எழுத்து இருந்தது.

"கரீட்டாத்தாண்டி கீது" என்றாள் சித்தி.

மசாலாக் கிண்ணத்தோடு உள்ளே வந்த அம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். தப்பைக் கண்டுபிடித்ததற்கு என்னை மெச்சுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சித்தியின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் இனிஷியலை மாற்றிப் போட்டால் டீச்சரிடம் குட்டு விழும். இவளுக்கு மட்டும் என்ன இப்படி ஒரு கொஞ்சல் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.