லைனுக்கு ஒரே ஒரு அட்டை

நான் பயந்த சுபாவம் உள்ளவள். பல்லிக்குப் பயம், போலீசுக்குப் பயம். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டால்கூட நெஞ்சு படபடக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைப் படித்துவிட்டு யாரும் என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்துவிடக் கூடாது.

அவிநாசிக்கு வெளியே ஒரு பனியன் கம்பெனியில் எனக்குத் தையல் வேலை. முதலாளியின் அப்பா சோளம் போட்ட காட்டில்தான் அந்தக் கம்பெனி நிற்கிறது. ஒரு லைனில் முப்பது பேர். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி, அதில் கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். லைனுக்கு ஒரே ஒரு அட்டைதான். ஒருத்தி திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம்.

சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. "ஏனுங்க அம்மணி, இப்பத்தானுங்க போயிட்டு வந்தீங்க? உடம்புக்கு ஏதும் சரியில்லீங்களா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி மரியாதையாக விசாரிப்பார். திட்டினால் திருப்பித் திட்டலாம். இந்த மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவோம், சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுவருவோம்.

பக்கத்து மெஷின்காரி என்னைவிட வயதில் சின்னவள். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் அவள் மெஷின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். சிறுநீரில் ரத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "நீ தண்ணியே குடிக்க மாட்டியாம்மா?" என்று கேட்டதற்கு, "குடிக்கலாமுங்க, போறதுக்குத்தான் அட்டை கெடைக்காதுங்க" என்றாளாம். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எனக்கும் ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் இருந்தது, வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவள்தான் என்னைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பனியன் கம்பெனிப் பெண்களின் சங்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் சர்ச் ஹாலில் கூடுவோம். பங்குச் சாமியார் 'தையல் வகுப்பு' என்று சொல்லி ஹாலைக் கொடுத்திருந்தார். நாளெல்லாம் தைக்கிறவர்களுக்கு எதற்குத் தையல் வகுப்பு என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை. என் அப்பா கோயமுத்தூர் மில்லில் வேலை பார்த்த காலத்தில் மில் வாசலிலேயே சங்கக் கொடி பறக்கும். எங்கள் கம்பெனி வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிதான் இருக்கிறது.

சங்கத்து அக்காவும் ஒரு காலத்தில் டெய்லராக இருந்தவர். லேபர் ஆபீசில் மனு கொடுத்தாயிற்று, அதிகாரி வந்து பார்த்துவிட்டும் போனார். அவர் வந்த அன்றைக்கு அட்டை ஆணியில் இல்லை, மறுநாள் மறுபடி தொங்கியது. "இனி கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் அக்கா. "அட்டையைத் தொடாம எந்திரிச்சுப் போங்க. யாருக்கு மொதல்ல வருதோ அவங்க எந்திரிக்கட்டும். பின்னாலயே லைன் மொத்தமும் எந்திரிக்கோணும்." எல்லோரும் தலையாட்டினோம். மறுநாளே என்று முடிவானது.

ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் இருந்தவர். தூசிக்கு முகமூடி கேட்டு நாலு பேரைச் சேர்த்தார் என்று கம்பெனி கேட்டில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ முதலாளிகளின் எந்தெந்த வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனதோ, அதற்குப் பிறகு எந்த ஃபவுண்டரிக்குப் போனாலும் "ஆள் தேவையில்லீங்க" என்றே பதில். இப்போது வாடகை வண்டி ஓட்டுகிறார்.

"நம்மூட்ல ஒருத்தர் போட்டோ போனது போதும் அம்மணி" என்றார். "உன்றதும் போயிருச்சுன்னா அப்பறம் எந்தக் கம்பெனியில சேத்துவாங்க?"

அவர் கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் பயந்துபோய்ச் சொன்னார். அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

திங்கட்கிழமை எல்லோரும் நேரத்துக்கே வந்துவிட்டோம். மெஷின்கள் ஓடின. டீ வந்தது, போனது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"எனக்கு வரவே இல்லீங்க்கா" என்றாள் ஒருத்தி.

"எனக்குமுங்க."

பயத்தில் அன்றைக்கு யாருமே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தோம். பாதிப் பேர் டீயையும் வேண்டாம் என்று விட்டிருந்தோம். ஒன்றுக்குப் போவதற்காக ஒரு போராட்டம், ஒருத்திக்கும் ஒன்றுக்கு வரவில்லை! சின்னவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "நாளைக்கும் இதேதானுங்க்கா ஆகும். நாம இப்படியே பழகிப்போட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆத்திரமா வெட்கமா என்று தெரியவில்லை. மெஷினுக்குத் திரும்பியதும் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, முழுவதையும் குடித்தேன். லைன் மொத்தமும் பார்த்தது. சின்னவள் தன் பாட்டிலை நீட்டினாள். அதிலும் பாதி குடித்தேன்.

"வெயில் ஜாஸ்திங்களா அம்மணி?" என்றார் சூப்பர்வைசர். எனக்குப் புரையேறியது.

அதற்குப் பிறகு உட்கார்ந்திருந்த நேரத்தில் பட்ட பயத்தை நான் பிரசவத்தின்போதுகூடப் பட்டதில்லை. வயிறு நிறைந்துகொண்டே வந்தது. தையல் கோணிக்கொண்டு போனது. கேட்டில் செக்யூரிட்டி போனைத் தூக்கிப் பிடிப்பதும், அதில் என் மூஞ்சி தெரிவதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அடக்க முடியவில்லை. எழுந்தேன். ஆணிப் பக்கம் திரும்பாமல் மேஜையைக் கடந்தேன்.

"அம்மணி, அட்டைங்க" என்றார்.

"அவசரமுங்க" என்றேன். என் வீரப் பேச்சு அவ்வளவுதான்.

"ஏய், நில்லு!" என்று பின்னால் கேட்டது. அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். நிற்கவில்லை. நின்றிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தேன். மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன, ஒன்றுகூட நின்ற மாதிரி தெரியவில்லை. அடிப் பாவிகளா, என்னைத் தனியாக அனுப்பிவிட்டீர்களே என்று மனதுக்குள் திட்டினேன்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். உட்கார்ந்தால் ஒரு சொட்டு வரவில்லை. அத்தனை நேரம் முட்டிக்கொண்டிருந்தது பயத்தில் அப்படியே அடைத்துக்கொண்டது. வேலை போயிற்று, எல்லாக் கம்பெனியும் போயிற்று, வந்த காரியமும் ஆகவில்லை. அழுகைதான் வந்தது.

கதவைத் தட்டினார்கள். சூப்பர்வைசர்தான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி தட்டினார்கள்.

"அக்கா, இன்னும் எத்தனை நேரமுங்க? வெளிய எல்லாரும் நிக்கறோம்."

சின்னவளின் குரல். எழுந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். அவள் நின்றாள், அவளுக்குப் பின்னால் ஓவர்லாக் மெஷின்காரிகள், அதற்கும் பின்னால் துணி மடிக்கிற பெண்கள். நடை முழுக்க எங்கள் லைன். ஒருத்தி கழுத்திலும் அட்டை இல்லை. பாதிப் பேருக்கு ஒன்றுக்கு வந்திருக்கவே வாய்ப்பில்லை, இருந்தும் வந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. எல்லா முகத்திலும் என் பயமே இருந்தது. நடையின் கடைசியில் சூப்பர்வைசர் போனில் யாரிடமோ அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஏற்றுமதிக்குக் கண்டெய்னர் போக வேண்டியிருந்தது. ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்தலாம், ஒரு லைனையே நிறுத்த முடியாது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். யாரையும் நிறுத்தவில்லை, அட்டையும் பிறகு ஆணிக்கு வரவில்லை. சீசன் ஓய்ந்ததும் என்ன செய்வார்களோ என்ற பயம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. ஆனால் இதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது வாசலில் நின்ற அந்த முகங்கள் மட்டும்தான்.

"ஏனுங்க்கா, ஆச்சுங்களா?" என்றாள் சின்னவள்.

"இரு கண்ணு" என்றேன். "இப்பத்தான் வருது."

கதவை மறுபடி சாத்திக்கொண்டேன்.