வயர்லெஸ்ஸில் பாதி கேட்ட செய்தி

அந்த வியாழக்கிழமை மத்தியானம் என்னால் ஒரு ஜெபத்தைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆண்டவருக்குள் அன்பான உறவுகளே, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கண் முன்னால் கணினித் திரை. அதில் அரபிக்கடலின் மேல் ஒரு மேகச் சுழல். அதற்குக் கீழே எங்கேயோ என் அண்ணன்.

நான் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. அப்பா மீன்பிடிக்கப் போனவர். சில வருடங்களுக்கு முன் ஒரு புயலில் அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்போது நான் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் சாந்தமாக இருந்த கடல் சாயங்காலத்துக்குள் எப்படி அப்படி மாறியது என்ற கேள்வி என்னை உட்கார விடவில்லை.

எம்.எஸ்சி. முடித்ததும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில், கடும்புயல்களையும் மாறிவரும் பருவநிலையையும் ஆராயும் குழுவில் இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று அம்மா மாதா படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றினார். அண்ணன் ஜோசப் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அப்பாவ கொண்டுபோன காத்த வச்சு நீ பட்டம் வாங்கப்போறியா?”

“அண்ணே, அடுத்தது வரும்போ முன்னாலயே தெரிஞ்சா…”

“ஏட்டி, கடலக் குறிச்சு நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். போணும்னா போ. இனி எங்கிட்ட பேசாத.”

இரணியலில் ரயில் ஏறினேன். வழியனுப்ப அண்ணன் வரவில்லை.

சென்னையில் மனது ஒருநாளும் நிலைகொள்ளவில்லை. பழைய புயல்களின் காற்று வேகம், கடல் சூடு, மேகப் படங்கள் இவற்றை வரிசைப்படுத்துவதுதான் என் முதல் வேலை. குழுவில் மற்றவர்கள் ஒரு சுழலைப் பார்த்து “என்ன அழகான அமைப்பு!” என்பார்கள். நான் எழுந்து வராந்தாவில் நடப்பேன். வந்தது தப்போ என்று தோன்றும். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அண்ணனை அழைப்பேன். போன் மணி அடித்து ஓயும், அவர் எடுக்கமாட்டார். “ஆண்டவரே, அண்ணன் என் படிப்பை நம்பணும்.” இதுதான் என் ஒரே ஜெபம்.

மூன்றாம் மாதம் அந்த வியாழன் வந்தது. முந்தின நாள் சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வாக இருந்த ஒன்று, கணினிக் கணிப்பில் வேகமாக வலுத்துக்கொண்டிருந்தது. அண்ணனின் விசைப்படகு தங்கல் தொழிலுக்குப் போய் ஆறு நாள். பத்து பதினைந்து நாள் கடலிலேயே தங்கிப் பிடிப்பார்கள். செல்போன் எட்டாது.

பேராசிரியையிடம் ஓடினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லா கணிப்பும் ஒரே மாதிரி இல்லம்மா. சிலதுல இது அப்படியே கரைஞ்சு போகுது. எச்சரிக்கை குடுக்கிற வேலை நம்மளோடது இல்ல, அது வானிலைத் துறையில இருந்து முறைப்படி வரும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஆனா அவர் உங்க அண்ணன். தங்கச்சியா ஊருக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. சந்தேகம் இருக்குன்னும் சேர்த்தே சொல்லுங்க.”

மைனியை அழைத்து, புயல் வரலாம், உறுதியில்லை, ஆனாலும் அண்ணன் உடனே கரைக்குத் திரும்பணும் என்றேன். அண்ணன் மனைவி, பயந்த சுபாவம். ஆனால் அன்று அழவில்லை. “நீ போன வை மக்கா, நான் துறைமுகத்துக்குப் போறேன்” என்றார். அங்கிருந்தவர்கள் வயர்லெஸ்ஸில் ஒரு படகுக்குச் சொல்ல, அந்தப் படகு தூரத்தில் இருந்த இன்னொன்றுக்குச் சொல்ல, அண்ணன் படகுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் முறையான எச்சரிக்கையும் வந்தது.

வெள்ளி முழுக்க ஒரு தகவலும் இல்லை. விடுதிக்கும் கோவிலுக்கும் நடந்தேன், திரும்ப நடந்தேன். அப்பாவுக்காகவும் இப்படித்தான் ஜெபித்தோம், அப்பா வரவில்லையே என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஆம், சண்டைதான். சனிக்கிழமை காலை அண்ணன் வலை விரித்திருந்த கடல்பகுதியைப் புயல் புரட்டிக்கொண்டிருந்ததைப் படத்தில் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“ஏட்டி, உனக்கு ஒண்ணும் இல்லியே?”

அண்ணன் குரல்! கொல்லம் பக்கம் கரையேறியிருந்தார். படகில் இருந்த எல்லோரும் சுகம்.

“எனக்கென்ன அண்ணே? புயலுன்னு நான் சொல்லிவிட்டதக் கேட்டுத்தான திரும்புன?”

“புயலா? வயர்லெஸ்ல ஒரே இரைச்சல். ‘உனக்க தங்கச்சி’ன்னு கேட்டுது. ‘உடனே கரைக்கு வா’ன்னு கேட்டுது. வேற ஒண்ணும் கேக்கல. உனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு வலைய அப்படியே விட்டுட்டு ஓடி வாறேன்.” பிறகு சொன்னார்: “புயலுன்னு கேட்டிருந்தா வந்திருக்கமாட்டேன் மக்கா.”

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

என் படிப்பை அண்ணன் நம்பவேண்டும் என்று கேட்டேன். ஆண்டவர் அதைத் தரவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று அண்ணனிடம் ஏற்கெனவே இருந்ததை எனக்குக் காட்டினார். அதைக் கொண்டே அத்தனை பேரையும் கரை சேர்த்தார். அப்பா ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் நன்றி சொல்கிறேன்.

மனது இப்போதும் பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் வராந்தாவுக்கு ஓடுவதில்லை. ஒவ்வொரு சுழலுக்குக் கீழும் யாருடைய அண்ணனோ இருக்கிறார் என்று நினைத்து, ஒரு சிலுவை போட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.

உங்களோடு பேசாமல் இருக்கிற ஒருவருக்காக நீங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். பதில் எந்த வழியாக வரவேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். அவருக்கே என் ஸ்தோத்திரம்.