துப்பாக்கிக்காரர் வீடு

அனுப்பர்பாளையம் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, துப்பாக்கிக்காரர் வீடு எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கள் வீட்டைக் காட்டும். அப்பாவின் அப்பா முயல் வேட்டைக்கென்று வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. அவர் போன பிறகு லைசென்ஸை அப்பா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதை வைத்து அவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. எறும்புச் சாரை போனால் நின்று வழிவிடுகிற மனுஷர். ஆனாலும் ஆயுத பூஜை வந்தால், தையல் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு பீரோவிலிருந்து அதை எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து நடுவில் படுக்கவைப்பார். எலெக்‌ஷன் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அதற்கும் கல்யாணத்துக்குப் போவதுபோல வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்.

எனக்கு அந்தப் பெருமை எப்போதுமே எரிச்சல். தோட்டத்தில் பாதி போய்விட்டது. மீதியில் தகரக் கொட்டகை போட்டு, கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். மிட்டா மிராசு என்று காட்டிக்கொள்ள அந்த இரும்புக் குழாய் ஒன்றுதான் நமக்கு மிச்சம் என்று அம்மாவிடம் கேலி பேசுவேன். அம்மா சிரித்துவிட்டு, "உங்கப்பா காதுல உழுந்துரப் போகுது" என்பாள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் என் தம்பி இன்ஜினியரிங் படிக்கப் போனான். ஒரு பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. குளிக்கவில்லை, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். காற்றுக் கருப்பு என்று மந்திரித்தார்கள், சிவன்மலைக்கு வேண்டிக்கொண்டார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நான்கூடத் திட்டினேன். பிறகு ஒருநாள் அம்மா கொட்டகைக்கு ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நானில்லாமப் போயிட்டா உங்களுக்கெல்லாம் பாரம் கொறையுமில்லீங்கம்மா என்று தம்பி கேட்டிருக்கிறான். அதுவும் அழாமல், கடைக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்கிற குரலில்.

திருப்பூரில் டாக்டரிடம் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கோயமுத்தூருக்குப் போனோம். அப்பா, அம்மா, தம்பி, நான். மனநல மருத்துவர் ஒரு பெண்மணி, அம்மாவின் வயதுதான் இருக்கும். தம்பியிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மாத்திரை எழுதிக் கொடுப்பார், கிளம்பலாம் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் பூச்சி மருந்து இருக்கிறதா என்று கேட்டார். சாணிப்பவுடர் இருக்கிறதா என்று கேட்டார். வாசலுக்குக் கரைத்துத் தெளிக்கிற அந்தப் பொடி இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அது எத்தனை வீட்டில் உயிரெடுத்திருக்கிறது என்று தெரியாதவர்களும் கிடையாது. அம்மா, போனதும் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிடுகிறேன் என்றாள்.

"தோட்டத்துக்காரங்கன்னு சொன்னீங்க. அதனால இதையும் கேக்கறேன். வீட்டுல துப்பாக்கி ஏதும் இருக்கா?"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தார்.

"இருக்குதுங்க டாக்டரம்மா. எங்கப்பாரு காலத்துல இருந்தே இருக்குதுங்க. லைசென்ஸெல்லாம் பக்காங்க. எங்களுக்குப் பேரே துப்பாக்கிக்காரர் ஊடுன்னுதானுங்க."

நம் குடும்பம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார் பாவம். கேள்வியின் அர்த்தம் எனக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கலாமா என்றிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அதை இன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றிவிட வேண்டும் என்றார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அது பீரோவுல பூட்டிக் கெடக்குதுங்க. சாவி எங்கிருக்குதுன்னு என்னையத் தவர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுங்க. என்ற பையன் அப்படிப்பட்டவனுமில்லீங்க."

தம்பி தலையைத் தூக்காமல் சொன்னான்: "முருகன் படத்துக்குப் பின்னாடி இருக்குதுங்கப்பா."

வெளியே டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிற குரல் மட்டும் கேட்டது. தன் சாவி இருக்கும் இடம் மகனுக்குத் தெரிந்துவிட்டது என்பதல்ல. அவன் அதைத் தேடியிருக்கிறான் என்பதுதான் அப்பாவைக் கொன்றது. டாக்டர்தான் மெதுவாகச் சொன்னார். இப்படி ஒரு எண்ணம் உச்சத்துக்கு வந்து நிற்பது கொஞ்ச நேரம்தானாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாமாம். மருந்தும் பேச்சும் அதற்குப் பிறகு வேலை செய்யும் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் "செரிங்க, செரிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்து வேட்டியில் சுற்றிக்கொண்டு, வாடகைக் காரில் திரும்பவும் கோயமுத்தூருக்கே போனார். தோட்டா வாங்குகிற துப்பாக்கிக் கடையில் லைசென்ஸ்காரர்களுடையதை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அங்கே ஒப்படைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் வெறுங்கையோடு வந்தார். அம்மா அதற்குள் மருந்து டப்பா, சாணிப்பவுடர் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அனுப்பியிருந்தாள். அப்பா காலியான பீரோவைச் சாத்தி, சாவியை அதிலேயே தொங்கவிட்டார்.

வினை அங்கேதான் பிடித்தது. வேட்டிச் சுற்றுக்கு வெளியே குழல் நீட்டிக்கொண்டிருக்க அப்பா விறுவிறுவென்று துப்பாக்கியோடு காரில் ஏறியதைக் கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெறுங்கையோடு வந்ததையும் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் சாயப்பட்டறை போட இடம் பார்க்க ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்த நேரம் அது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவரை அப்பா துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார், போலீஸ் பிடுங்கிக்கொண்டது என்று கதை கட்டிவிட்டார்கள். அப்பாவாவது மிரட்டுவதாவது! துணி லேட்டானால் கட்டிங் மாஸ்டரிடம்கூடக் குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். ஆனால் யார் கேட்டாலும் மறுக்கவில்லை. "அட, உடுங்க" என்று நகர்ந்துவிடுவார். அது கதையை இன்னும் உறுதியாக்கியது.

மூலனூரில் எனக்கு ஒரு மாப்பிள்ளை வீடு பேசி முக்கால்வாசி முடிந்திருந்தது. ரௌடி வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். நான் குதித்தேன். உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று அப்பாவிடம் கத்தினேன். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு இது போனா இன்னொண்ணு வரும் கண்ணு. அவனுக்குப் பைத்தியம்னு ஒருக்கா பேரு வந்துட்டா ஆரு வந்து அழிக்கறது?"

எனக்கு அழுகைதான் வந்தது. தம்பி பக்கத்து அறையில்தான் இருந்தான்.

மருந்தில் அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். குளித்தான், சாப்பிட்டான், கொட்டகையில் பீஸ் எண்ணிக் கட்டுப் போட்டான். நாங்கள் எல்லோரும், அப்பாடா, கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தோம். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மூலனூருக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனோம். பந்தியில் எங்களுக்கு எதிர்வரிசையில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் உட்கார்ந்திருந்தார். வாயை அடக்கத் தெரியாத மனுஷர். முதல் சோறு போட்டதும் ஆரம்பித்தார்.

"என்னுங் மாப்ள, இப்ப மெரட்டறதுக்கு வெறுங்கைதானுங்களா?"

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். தம்பி இலையில் கையை வைத்தபடியே சொன்னான். சத்தமாகக்கூட இல்லை.

"அவரு ஆரையும் மெரட்டலீங்க மாமா. நான் செத்துருவேன்னுதான் கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தாரு."

சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்பா எழவில்லை. பாதி இலையில் எழுந்தால் கல்யாண வீட்டுக்கு ஆகாது. கண்ணீரைக் கொட்ட விட்டுக்கொண்டே ரசம், மோர் வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டார். தம்பியையும் சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எங்கள் வீட்டில் சம்பந்தம் பேச வரவில்லை. எனக்கு வெகுதூரத்தில்தான் அமைந்தது. அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அன்றைக்குக் கல்யாணம் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு நடந்தோம். அம்மா முன்னால் போய்விட்டாள்.

"எதுக்குச் சாமி சொன்னே? ரௌடின்னாச் சொல்லீட்டுப் போறாங்க. எனக்கென்ன கொறஞ்சு போச்சு?" என்றார் அப்பா.

தம்பி நடந்துகொண்டே சொன்னான்.

"அந்தப் பீரோவ இன்னமுந் தெறந்து பாக்கறனுங்கப்பா."

அப்பா நின்றுவிட்டார்.

"தாங்க முடியாம வர்றப்பங்க. தெறந்தா உள்ள ஒண்ணுமிருக்காது. கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருப்பேன். அப்பறம் போயிப் படுத்துக்குவனுங்க."

அப்பா தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் வேலிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள் இத்தனை தனியாக இருந்திருக்கிறான், நாங்களோ அவன் சோறு தின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அப்பா வாயிலிருந்து துண்டை இறக்கினார்.

"இனி அப்படி வந்தா என்னைய எழுப்பு, சாமி. எந்நேரமானாலுஞ் செரி."

"செரிங்கப்பா" என்றான் தம்பி.

அதன் பிறகு அப்பா தன் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படுத்ததில்லை. தம்பி அவரைப் பலமுறை எழுப்பியிருக்கிறான்.