பேய் வீட்டில் அடித்த லைட்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் என் வேலை. பதினாறு வருஷம் ஆகிறது. கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள். போனில் இருக்கிற லைட்டுக்காக.

தோலுக்கு நேர் மேலே வெளிச்சம் அடித்தால் எந்தத் தோலும் நன்றாகத்தான் தெரியும். லைட்டைச் சாய்த்துப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். அப்போதுதான் உண்ணி கடித்த பள்ளம், முள் கீறல், கழுத்துச் சுருக்கம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே போவேன். பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொள்ளும். "சுருக்கம். கீறல். ரெண்டு." கடைசியில் சொல்வதுதான் கிரேடு. ஒன்று, இரண்டு, மூன்று. எதற்கும் ஆகாதது ரிஜெக்ட். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும். அதனால் கத்தித்தான் சொல்வேன். என் குரல் அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் வேலூரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனி ஆட்கள் நாலு பேர் பஸ் பிடித்துப் போனோம். அதில் ஒருத்தன் கட்டிங்கில் வேலை செய்கிற என் தோஸ்த். எங்கே போகலாம் என்பதை எப்போதும் அவன்தான் முடிவு செய்வான். ராட்டினம் சுற்றினோம். பிறகு பேய் வீட்டுக்கு டிக்கெட் எடுத்தான்.

தகர ஷெட். கறுப்புத் துணி சுற்றியிருந்தது. வாசலில் நின்றவர் ஒவ்வொருத்தரையும் நிறுத்திச் சொன்னார்.

"போன ஆஃப் பண்ணி பாக்கெட்ல போடுங்க. உள்ள லைட் அடிக்காதீங்க. கண்ணு கூசும்."

"பேய்க்கு கண்ணு கூசுமா?" என்றான் தோஸ்த்.

"உள்ள இருக்கறது மனுஷங்கப்பா. உன்ன மாதிரி வேலைக்கு வந்தவங்க."

நான் போனை அணைக்கவில்லை. சும்மா பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சினிமா தியேட்டரில் முன் சீட்டில் எவனாவது போனைத் திறந்து வெளிச்சம் காட்டினால் முதலில் கத்துகிற ஆள் நான். "டேய், அணைடா, படம் பாக்கறதா உன் மூஞ்சிய பாக்கறதா" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

உள்ளே கும்மிருட்டு. எங்களுக்கு முன்னால் போனவர்கள் வெளியே போகும் வரை நிற்கச் சொல்லியிருந்தார்கள். தோஸ்த் நிற்கவில்லை. முதுகில் கையை வைத்து என்னைத் தள்ளிக்கொண்டே வந்தான். ஒரு திருப்பத்தில் நாடா நாடாவாக ஏதோ தொங்கி முகத்தில் உரசியது. கையில் பிடித்தேன். ரெக்சின் இல்லை. அசல் தோல். வெட்டிப்போட்ட தோலை வாங்கிவந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். தோல் கையில் பட்டதும் இன்னொரு கை தானாகப் போனை எடுத்தது. லைட்டைப் போட்டேன். சாய்த்துத்தான் பிடித்தேன். அப்படித்தான் பழக்கம்.

நாடாக்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. கறுப்பு அங்கி போட்ட ஆள் உட்கார்ந்திருந்தார். நாங்கள் சீக்கிரம் வந்துவிட்டதால் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் பக்கத்திலிருந்து அவர் முகத்தில் விழுந்தது.

"சுருக்கம்" என்றது என் வாய்.

பின்னால் தோஸ்த் களுக்கென்று சிரித்தான்.

"தழும்பு" என்றேன்.

அது வாயோரத்தில் இருக்கிற தழும்பு. அதைச் சொன்னபோதே ஆள் தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் கட்டிங் மெஷினில் நின்றவர். ஒன்பது வருஷம் என் பெஞ்சுக்கு எதிரில் வேலை செய்தார். மதியம் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து வைத்து மாற்றி மாற்றிச் சாப்பிடுவோம். கண் மங்கிவிட்டது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அங்கேயே அணைத்திருக்கலாம். பின்னால் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தையும் சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

"ரிஜெக்ட்" என்றேன்.

முதல் இரண்டு வார்த்தையும் பழக்கத்தில் வந்தவை. மூன்றாவது அப்படி வரவில்லை. சிரிப்பார்கள் என்று தெரிந்து சொன்னேன். சிரித்தார்கள்.

அவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். "லைட்ட அணைப்பா. கண்ணு கூசுது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அணைத்தேன். எங்களை இடித்துக்கொண்டு பின்னால் வேறு ஆட்கள் வந்தார்கள். வெளியே வந்துவிட்டோம்.

வெளியே டெல்லி அப்பளம் வாங்கினோம். அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே என் போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. தோஸ்த் என் தோளுக்கு மேலே போனை நீட்டி எடுத்திருக்கிறான். என் லைட் வெளிச்சத்தில் முகம் தெளிவாக இருந்தது. என் குரலும்தான். கம்பெனி குரூப்பில் போட்டு, 'பேய்க்கே கிரேடு போட்டாச்சு' என்று கீழே எழுதியிருந்தான்.

"நம்ம கட்டிங் அண்ணன் இல்ல அது?" என்று கேட்டான்.

"இருட்டுல இன்னா தெரியுது" என்றேன்.

பஸ்ஸில் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் சிரிப்பு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவருடைய மகள் எங்கள் ஹாலில்தான் இருக்கிறாள். தையல் லைன். குரூப்பிலும் இருக்கிறாள். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அப்பா வேலூரில் டைல்ஸ் கடையில் வாட்ச்மேன் என்றுதான் அவளுக்குத் தெரியும். அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை டீ நேரத்தில் லைனில் எவனோ "ஊ..." என்று பேய் மாதிரிக் கத்தினான். இன்னொருத்தன் "ரிஜெக்ட்" என்றான், என் குரலில். அவள் டீ குடிக்கவில்லை. எழுந்து நேராக என் பெஞ்சுக்கு வந்தாள்.

"சித்தப்பா."

"சொல்லும்மா."

"எங்கப்பான்னு தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

நான் அடுத்த தோலை இழுத்துப் போட்டேன். லைட்டைப் போட்டேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து, "இன்னாம்மா, அங்க இன்னா வேல உனக்கு?" என்றார். போய்விட்டாள். எழுதுகிற பெண், "அண்ணா, இன்னா எழுதட்டும்?" என்று கேட்டது.

அந்த வாரம் முழுக்க அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு பொருட்காட்சிக்குத் தனியாகப் போனேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு அங்கி. முகமூடி மடியில் இருந்தது. பக்கத்தில் போகும் வரை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "அண்ணா" என்றேன். குரலை வைத்துக் கண்டுபிடித்தார்.

"வா. டீ சாப்புடு."

"அண்ணா, அன்னிக்கு..."

"மொதல்ல சாப்புடு."

அவரே எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தார். அங்கி தரையில் புரண்டது. டீக்கடைக்காரர், "இன்னா பேயே, இன்னிக்கு சக்கர கம்மியா ஜாஸ்தியா?" என்று கேட்டார். "ஜாஸ்தியாவே போடு. செத்தவனுக்கு இன்னா சுகரு" என்றார் இவர். நன்றாகத்தான் பேசினார். உட்கார்ந்த பிறகு குரலை இறக்கினார்.

"வீட்ல பேஜாராப் போச்சுப்பா. பொண்ணு பேசமாட்டேங்குது."

"பொய் சொன்னதுக்கா?"

"அதுக்குக்கூட இல்ல. வேஷம் போட்டதுக்கும் இல்ல. 'உன்கூட ஒம்போது வருஷம் சாப்ட்ட ஆளு உன்ன ரிஜெக்டுன்றாரு, நீ கம்முனு ஒக்காந்துனு இருந்தியே, திருப்பி ஒரு வார்த்த கேட்டியா'ன்னு கேக்குது." டீயை ஊதினார். "நான் சொன்னேன், அவனுக்கு ஆள் தெரியல, இருட்டு, பழக்கத்துல வாய்ல வந்துருச்சு, அவன்கிட்ட இன்னா கேக்கறதுன்னு. நம்பமாட்டேங்குது. நீ ஒரு வார்த்த சொல்லிடு. உனக்குத் தெரியலன்னு நீயே சொன்னா கேக்கும்."

அவர் அதை உண்மையாக நம்பித்தான் சொன்னார். சரிண்ணா என்று எழுந்திருந்தால் முடிந்திருக்கும். டீயும் முடிந்துவிட்டது. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரிஞ்சுதாண்ணா சொன்னேன்."

அவர் மடியிலிருந்த முகமூடியைக் கையில் எடுத்தார்.

"தழும்ப பாத்ததும் தெரிஞ்சுருச்சு. அதுக்கப்புறம்தான் அந்த வார்த்தைய சொன்னேன். பசங்க சிரிச்சாங்க."

முகமூடியின் ரப்பர் ஒரு பக்கம் கழன்றிருந்தது. அதை மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டினார். ரொம்ப நேரம் ஆனது. உள்ளேயிருந்து விசில் அடித்தார்கள். அடுத்த கூட்டம் வருகிறது என்று அர்த்தம். எழுந்தார். முகமூடியைப் போட்டுக்கொண்டார்.

"அவகிட்ட தெரியலன்னே சொல்லு" என்றார் முகமூடிக்குள்ளேயிருந்து.

ஷெட்டின் கறுப்புத் துணியைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே யாரோ அலறினார்கள்.

மறுநாள் காலையில் மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன்னால் தையல் லைனுக்குப் போனேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கு ஆள் தெரியலம்மா" என்றேன். "இருட்டு. பழக்கத்துல வந்துச்சு."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. நான் நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவும் அதான் சொன்னாரு. நேத்து வந்தும் அதையே சொன்னாரு" என்றாள். "நான்தான் நம்பல. உங்கள தப்பா நெனச்சுட்டேன் சித்தப்பா. மனசுல வெச்சுக்காதீங்க."

தலையாட்டினேன். பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.