கோபுரம் படுத்த வகுப்பு

மதிய உணவு இடைவேளையில் எங்கள் ஒன்றியத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏதோ ஒரு படிவத்தை மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டுமாம். அதற்கு அடுத்து எஸ்தர் ராணியின் படம் வந்தது. நீலப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தார். பிறந்தநாள் போலிருக்கிறது என்று நினைத்து, கீழே எழுதியிருந்ததைப் படிக்காமலே கேக் பொம்மை ஒன்றைத் தேடி விரலை வைத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் கண் கீழே இறங்கியது. "இன்று காலை இறைவனடி சேர்ந்தார்" என்று இருந்தது. சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதையும் முழுதாகப் படிக்காமல் பதில் போடுகிற பழக்கம் எனக்கு உண்டு. எஸ்தரை அறிந்த ஆசிரிய நண்பர்களே, இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. என்னுடைய அந்தப் பழக்கத்தைப் பற்றியதும்தான்.

பதினோரு ஆண்டுகள் நாங்கள் ஒரே பள்ளியில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். அவர் கணக்கு, நான் தமிழ். அவர் காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைக்காரர். அவருடைய அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் எஸ்தர். இதை அவர் பெருமையாகவும் சொல்லமாட்டார், வருத்தமாகவும் சொல்லமாட்டார். ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். நான் சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு நடுவே பரீட்சைக்குப் படித்தவள். இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

பயிற்சி முகாம்களுக்குப் போன எல்லோருக்கும் கடைசி அரை மணி நேரம் எப்படி இருக்கும் என்று தெரியும். பின்னூட்டப் படிவம் வரும். எல்லோரும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். நானும் தமிழாசிரியை என்ற மிதப்பில் "மிக்க பயனுடையதாக அமைந்தது" என்று கொஞ்சம் மாற்றி எழுதுவேன், அவ்வளவுதான். எஸ்தர் ஒருமுறை எழுதினார்: "பிற்பகல் இரண்டாம் அமர்வு எனக்குப் புரியவில்லை. நடத்தியவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை." மறுநாள் காலையில் முகாம் நடத்தியவர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பக்கத்தில் நானும் நின்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கேட்டு இருந்தீங்க சார், எழுதினேன். கேக்காம இருந்தா எழுதி இருக்கமாட்டேன்." விசாரித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் தப்பித்தோம்.

ஒருநாள் என் வகுப்பில் வந்து உட்காரலாமா என்று கேட்டார். நான் புணர்ச்சி விதிகளை நன்றாக நடத்துவேன் என்று எனக்கே ஒரு நினைப்பு. வாங்க என்றேன். நாற்பது நிமிடம் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். "பாடம் நல்லாத்தான் இருந்துது. ஆனா நீங்க முழுக்க ஜன்னல் பக்கத்துப் புள்ளைங்களையே பாத்துக்கினு இருந்தீங்க டீச்சர். செவுத்துப் பக்கம் இருக்குற புள்ளைங்க பேரு ஒண்ணு கூட உங்க வாயில வர்ல" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சுவர்ப் பக்கம் போய் நின்று பாடம் நடத்தினேன். அங்கே இருந்த பிள்ளைகளில் நான்கு பேரின் பெயர் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இதை அவரிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. எனக்கு அது எப்போதுமே வராது.

இனி அந்த வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்கு வரைபடப் பாடம். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு எண்கள் கொடுத்தால் முதல் எண்ணைப் பக்கவாட்டிலும் இரண்டாம் எண்ணை மேல்நோக்கியும் எண்ண வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் நெசவு வீட்டுப் பிள்ளைகள் என்பதால் எஸ்தர் ஒரு வழி யோசித்தார். பக்கவாட்டுக் கோடுதான் ஊடை. மேல்நோக்கிய கோடுதான் பாவு. தறியில் நீளமாகக் கட்டி வைக்கிற நூல் பாவு, அதற்குக் குறுக்கே நாடாக் கட்டையில் ஓடுகிற நூல் ஊடை என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். "முதல் எண்ணுக்கு முதல் நூலில் எண்ணு, இரண்டாம் எண்ணுக்கு இரண்டாம் நூலில் எண்ணு" என்று எழுதி, புள்ளிகளைச் சேர்த்தால் கோபுரம் ஒன்று வருகிற மாதிரி எண்களையும் அமைத்திருந்தார். மொத்தம் மூன்று பக்கம். என்னிடம் நீட்டி, "நீங்க தறி வூட்டுக்காரங்க. எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

நான் அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தாளை வாங்கினேன். மேலே கோபுரப் படத்தைப் பார்த்தேன். பக்கத்தைப் புரட்டினேன். "அருமையா இருக்குது எஸ்தர்" என்று திருப்பிக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வகுப்பு முடிந்து முப்பது தாள்களோடு அவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பும் இருந்தது, கலக்கமும் இருந்தது. தாள்களை மேசையில் பரப்பினார். பாதிக்கு மேல் தாள்களில் கோபுரம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. "நெசவு வூட்டுப் புள்ளைங்க ஒருத்தர் பாக்கி இல்லாம படுக்க வெச்சிருக்குதுங்க. மத்ததுங்க சரியாப் போட்டிருக்குது. இன்னா டீச்சர் இது?" என்றார். பார்த்த நொடியில் என் வாய் சொல்லிவிட்டது: "பாவுதானே மொதல் நூல்!"

எந்தத் தறி வீட்டிலும் பாவு ஏறாமல் ஊடை ஓடாது. அது பேச்சிலும் அப்படித்தான். பாவும் ஊடையும் என்போமே தவிர, ஊடையும் பாவும் என்று ஒருவரும் சொல்லமாட்டோம். முதல் நூல் எது என்று எங்கள் வீட்டுக் குழந்தையிடம் கேட்டால் பாவு என்றுதான் சொல்லும். எஸ்தருக்கோ கணக்குப் புத்தகப்படி பக்கவாட்டுக் கோடு முதல் கோடு. வயல் வேலைக்காரர் வீட்டில் வளர்ந்த அவருக்கு இது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். மூன்று பக்கத்தில் இரண்டாம் பக்கத்தின் முதல் வரியிலேயே அது இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க படிச்சீங்களே டீச்சர்?" என்றார். "படிச்சேன்பா, அது கண்ணுல படல" என்றேன். அது பொய். நான் படிக்கவே இல்லை.

வேறு யாராவது என்றால் அந்தத் தாள்களைக் கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். எஸ்தர் அதை எடுத்துக்கொண்டு மண்டல ஆசிரியர் மாநாட்டுக்குக் கிளம்பினார். மூன்று மாவட்ட ஆசிரியர்கள் கூடும் மாநாடு. அந்த ஆண்டு காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நிகழ்ச்சிக் குழுவில் நானும் இருந்தேன். வழக்கமாக எல்லோரும் வெற்றிக் கதைதான் படிப்பார்கள். எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை எப்படி முன்னேறியது என்று கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்திருக்கும். எஸ்தர் கொடுத்த தலைப்பு "நான் தோற்ற வகுப்பு". குழுவில் ஒருவர், "நெகட்டிவா இருக்குது மேடம், மாத்தச் சொல்லுங்க" என்றார். நானும் போய் எஸ்தரிடம், "உனக்குத்தான் கெட்ட பேரு வரும், வேற ஏதாவது குடும்மா" என்றேன். அவர் மேல் இருந்த அக்கறை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான். "ஜெயிச்ச வகுப்ப நாம ஏன் டீச்சர் ஆராய்ச்சி பண்ணணும்? அதான் ஜெயிச்சிட்டுதே" என்று சிரித்துவிட்டார்.

அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, பாதிப் பேர் தூக்கத்தில் இருந்த பிற்பகல். எஸ்தர் கையில் உரை எதுவும் இல்லை. எல்லோருக்கும் கட்டத்தாள் கொடுத்து அதே வகுப்பை அப்படியே நடத்தினார். கடைசியில் தாளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் கையில் கோபுரம் நின்றது. எங்கள் ஊர்த் தறி வீட்டு ஆசிரியர்கள் கையில் எல்லாம் படுத்துக் கிடந்தது. மண்டபம் அதிர்ந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "எங்க புள்ளைங்களுக்குத் தெரியாததால தப்பு வர்ல. தெரிஞ்சதால வந்துது. தெரியாதது எனக்குத்தான். அன்னிக்கு நான் சிவப்புப் பேனாவ எடுத்திருந்தா, சரியா யோசிச்ச பதினேழு புள்ளைங்களுக்குத் தப்பு போட்டிருப்பேன்."

கேள்வி நேரத்தில் நடு வரிசையிலிருந்து வயதான ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "வகுப்புக்கு முன்னாடி இதை நெசவு தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டினீங்களா அம்மா?" என்று கேட்டார். நான் மேடைக்கு ஓரமாக, புடவையில் குழுவின் அட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அட்டையைக் கையால் மூடிக்கொண்டேன். எஸ்தர் என் பக்கம் திரும்பவே இல்லை. "காட்டினேன் சார். நான் கேட்ட விதம் தப்பு. எப்படி இருக்குதுன்னு கேட்டேன். எங்க தப்பா இருக்குதுன்னு கேட்டிருக்கணும். எப்படி இருக்குதுன்னு கேட்டா யாரு வேணாலும் நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க" என்றார். மண்டபம் கை தட்டியது. நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கை தட்டினேன். மாலையில் படிவம் வந்தபோது மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். என் குழம்பை அவர் எடுத்துக்கொள்வார், அவர் பொரியலை நான் எடுத்துக்கொள்வேன். சொல்வதற்கு எத்தனை பகல்கள் இருந்தன! நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றே போயின. பிறகு அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றியிருந்தது. நீண்ட விடுப்பில் போனார்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை சொல்லியே விடுவது என்று ஓரிக்கைக்குப் போனேன். தலையில் துணி கட்டி, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு அவ்வளவு மெலிந்திருந்தது. "எட்டாவதுக்கு யாரு கணக்கு எடுக்குறாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொன்னேன். "பாவு கணக்க அவங்ககிட்ட சொல்லி வையுங்க டீச்சர். பாவம், அவங்களும் மாட்டிக்கப்போறாங்க" என்றார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று வாயைத் திறந்தேன். "எஸ்தர், அன்னிக்கு நீ அந்தத் தாளக் குடுத்தப்ப..." என்று தொடங்கினேன். அதற்குள் சபையிலிருந்து ஜெபம் பண்ண நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். நான் எழுந்தேன். "இருங்க டீச்சர், சொல்லிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்தார். "ஒண்ணும் அவசரமில்லமா. அடுத்த வாரம் வரேன்" என்றேன். வியாழக்கிழமை அந்த நீலப் புடவைப் படம் வந்தது; நோயைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தும் கேக் பொம்மையைத்தான் தேடினேன்.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். கடமை தவறாதவர், பண்பாளர், மாணவர் நலமே தன் நலமாகக் கொண்டவர் என்று ஐந்து நிமிடம் தட்டுத் தடங்கல் இல்லாமல் பேசினேன். நன்றாகப் பேசினீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எஸ்தர் கேட்டிருந்தால் அந்தப் பேச்சில் தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று சொல்லியிருப்பார்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்த மண்டபத்தில் அந்தப் பெரியவர் கேட்ட ஆள் நான்தான். எஸ்தர் கேட்ட விதத்தில் எந்தத் தப்பும் இல்லை. நான் படிக்கவில்லை. நான் படிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே என்னைக் காப்பாற்றினாரா, என்னை நம்பிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாரா? இனி கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. இப்போதெல்லாம் உடன் வேலை செய்கிறவர்கள் யாராவது தாளை நீட்டி எப்படி இருக்குது என்று கேட்டால், அங்கேயே பதில் சொல்வதில்லை. "இன்னிக்கு வெச்சுக்கிறேன், நாளைக்குச் சொல்றேன்" என்று வாங்கி வைத்துக்கொள்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை, இவளுக்கு என்ன இவ்வளவு மிடுக்கு என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். எஸ்தருக்கு நான் கொடுக்காத ஒரு நாளைத்தான் அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.