முகம் மட்டும் வேண்டாம்

பொங்-நிம்முக்குத் தொழில், பொதுக் குளியல் கூடத்தில் பெண்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுவது. மாங்வன் பகுதியில் அவள் கை படாத முதுகு கிடையாது. தெருவில் வாடிக்கைக்காரி எதிரே வந்தால் யாரென்று தெரியாமல் விழிப்பாள், அதே ஆள் துணியை அவிழ்த்துவிட்டுக் குப்புறப் படுத்தால், "மாமியாருக்கு இப்பத் தேவலையா?" என்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவாள். இத்தனை தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

ஹியே-ரின் என்ற சிற்பி அங்கே வாடிக்கை. சிலிக்கானில் அவள் செய்யும் மனித உடம்புகளைப் பார்த்தால், எப்போது மூச்சு விடுமோ என்று பயமாக இருக்கும். ஒருநாள், "உங்க உடம்ப அச்செடுத்துக்கட்டுமா சித்தி?" என்று கேட்டாள். புருஷன் போனபின் பொங்-நிம்மின் உடம்பை யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. கூச்சத்தோடு சந்தோஷமும் வந்துவிட்டது, பாவம். முகம் மட்டும் வேண்டாம் என்றாள்.

ஹியே-ரின் வாக்குத் தவறவில்லை. சரிந்த மார்பு, மடிந்த வயிறு, அதைக் கிழித்துப் பிள்ளையை எடுத்த கோணல் தழும்பு எல்லாம் அப்படியே. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தலைமுடியை நட்டுவைத்தாள். கண்காட்சியில் அதைப் பார்க்க வந்தவர்கள் முகத்தைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தவள் மீன்கடைக்காரி. "அக்கா, சம்சொங் பக்கத்துக் கண்காட்சியில அம்மணமா நிக்கிறீங்களே, எங்களையும் கூப்பிடக் கூடாதா?" என்றதும் குளியல் கூடமே சிரித்தது. பொங்-நிம்மும் சிரித்தாள். பெண்களுக்குள் அதில் என்ன வெட்கம்? பிறகுதான் மகன் உக்-சின் நினைவு வந்தது. பள்ளியில் சேர்க்கும்வரை, எல்லாத் தாய்மாரையும்போல, அவனைப் பெண்கள் பக்கம் கூட்டிவந்துதான் குளிப்பாட்டினாள். அந்தத் தழும்பைத் தடவி, "நான் வந்த கதவு" என்பான். இப்போது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண்காட்சி என்றால் உயிர். வரும் ஞாயிறு இருவரும் அங்கேதான் போகிறார்கள்.

அன்று ஒருநாள் மட்டும் ஒரு துணியைப் போர்த்திவை என்று ஹியே-ரினிடம் போனில் கெஞ்சினாள்.

"அது நீங்க இல்ல சித்தி. யாரா வேணாலும் இருக்கட்டும்னுதானே முகத்தையே எடுத்தேன்?" என்றாள் அவள், அன்பாகத்தான்.

"என் புள்ளைக்கு முகம் எதுக்கும்மா?"

அது ஹியே-ரினுக்கு எட்டவில்லை.

ஞாயிறன்று எப்படியாவது மறித்துவிடலாம் என்று பொங்-நிம்மே போனாள். உக்-சின் முந்திவிட்டான். யாரோ ஒருவன் அந்த வயிற்றைக் காட்டி ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வருங்கால மருமகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உக்-சின் தன் கோட்டைக் கழற்றி அந்த உடம்பின்மேல் போர்த்தினான். காவலாள் ஓடிவந்து, தொடக்கூடாது என்று பணிவாகச் சொல்லி, அதை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தான்.

"உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்ல. யாரோட அம்மாவோ."

தூணுக்குப் பின்னால் நின்ற பொங்-நிம்முக்கு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. போனால் அத்தனை கண்ணும் அந்தச் சிலையை விட்டு இவள்மேல் திரும்பும். அவன் சொன்னது பொய்யாகிவிடும். அவள் போகவில்லை.